இரண்டேகால் கிலோ விதிகளும் ஒரு பாதிப் புத்தகமும்

கனமான புத்தகத்தில் தப்பு இருக்காது என்று நான் நம்பியிருந்தேன். ஏதோ அரைக்கால் சட்டை வயதில் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எலக்ட்ரீஷியனாகப் பதினெட்டு வருட அனுபவம், கல்யாணம், தொப்பை எல்லாம் வந்துவிட்டிருந்தன. அறிவு மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

அந்த நம்பிக்கையோடு நான் நின்றுகொண்டிருந்த இடம், சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பழைய பேப்பர் கடை. வீட்டில் சேர்ந்திருந்த செய்தித்தாள்களைப் போடப் போயிருந்தேன். கடைக்காரர் தராசில் பேப்பர் கட்டை வைத்துவிட்டு, என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த டெஸ்டரைப் பார்த்தார்.

"இன்னா பாய், கரன்ட்டு புக்கு ஒண்ணு கீது. பாக்கறியா?"

மூட்டைக்குள் கையை விட்டு எடுத்துப் போட்டார். தட்டு தரையைத் தொட்டது. இரண்டேகால் கிலோ. வழவழ தாள், பொடி எழுத்து, சுத்தமான ஆங்கிலம். அட்டையும் முன்பக்கங்களும் மட்டும் இல்லை. அட்டையை அவர் ஏற்கெனவே கிழித்து வேறு மூட்டையில் போட்டிருந்தார். அட்டை தனி, தாள் தனி என்பது அந்தத் தொழிலின் விதி.

புரட்டினேன். ஒயர், பைப், எர்த், ஸ்விட்ச் என்று பக்கத்துக்குப் பக்கம் விதிகள். எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று கிலோ பேப்பர் போட வந்தவன், இரண்டேகால் கிலோவோடு வீடு திரும்பினேன்.

காய்ச்சி வடித்த அவமானம்

எதற்கு இந்த ஆசை என்று சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், லாரிகளுக்கு ரப்பர் புஷ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நானும் தேவசகாயமும் மின்பராமரிப்பு. தேவாவுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம், பேச்சு நாலில் ஒரு பங்கு. புதிய இயந்திரங்கள் வரப்போகின்றன, உயர் அழுத்த இணைப்பு வாங்கப்போகிறோம், மேற்பார்வையாளர் சான்றிதழ் உள்ள ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும் என்று மேலாளர் ஒருநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க ரெண்டு பேர்ல யார் பாஸ் பண்றீங்களோ, அவங்க பேர் போர்டுல ஏறும். ரெண்டு பேருமே பண்ணலன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துருவேன்."

நாலு மாதம் அவகாசம். வெளியிலிருந்து வருகிறவன் எங்கள் பாதி வயதில் இருப்பான், எங்களை "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஏணியைத் தூக்கச் சொல்வான். அந்தக் காட்சி எனக்கு அப்போதே கண்ணில் தெரிந்தது.

இதில் இன்னொரு சங்கடம். நான் அந்தத் தேர்வை ஏற்கெனவே ஒரு தடவை எழுதி, நேர்முகத்தில் மண்ணைக் கவ்வியவன்.

அந்தத் தடவை நான் நம்பியது ஒரு ஒல்லி கைடு. நூறு கேள்வி, பின்பக்கத்தில் நூறு பதில். அச்சகத்தில் எவரோ ஒரு பதிலை விட்டுவிட்டார்கள். அதிலிருந்து எல்லாப் பதிலும் ஒரு படி மேலே ஏறிவிட்டன. நான் கேள்வியைப் படிக்காமல் எண்ணை வைத்தே மனப்பாடம் செய்கிற ஜாதி.

மின்சாரம் தாக்கி ஒருவர் விழுந்து கிடந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டார். வேலைத்தளத்தில் இரண்டு பேரை இழுத்துப்போட்டுக் காப்பாற்றியவன் நான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மூளை நின்றுவிட்டது, வாய் மட்டும் ஓடியது.

"காய்ச்சி வடிச்ச தண்ணிய மட்டம் வர்ற வரைக்கும் ஊத்தணும், சார்."

அது பேட்டரிக்கு உண்டான பதில். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போய் வாருங்கள் என்றார். அன்றிலிருந்து ஒல்லிப் புத்தகம் என்றாலே எனக்கு ஆகாது. இந்தப் பின்னணியில் அந்த இரண்டேகால் கிலோ என் கையில் வந்தால் நான் என்ன ஆவேன், சொல்லுங்கள்.

பேனாவால் ஏற்றிய மின்சாரம்

முதல் வாரமே ஒன்று கவனித்தேன். வீட்டு மின்சாரம் என்று வருகிற இடமெல்லாம் நூற்றிருபது வோல்ட் என்று போட்டிருந்தது. எத்தனை பெரிய புத்தகம், இத்தனை அலட்சியமாகவா அச்சடிப்பார்கள் என்று வருத்தமாக இருந்தது. புத்தகத்தின் மீது எனக்கிருந்த மரியாதையில், பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்து இருநூற்று முப்பது என்று திருத்தினேன். அறுபது ஹெர்ட்ஸ் என்று இருந்ததை ஐம்பது ஆக்கினேன். நூற்றெழுபது பக்கம் திருத்தியிருப்பேன்.

பதிப்பாளருக்குக் கண்டனக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். அட்டை இல்லாததால் முகவரி கிடைக்கவில்லை.

அளவெல்லாம் அடி, அங்குலத்தில் இருந்தது எனக்குச் சந்தேகமே தரவில்லை. நம் ஊரில் கொத்தனார், ஆசாரி, மனைத் தரகர் எல்லாரும் அடியில்தானே பேசுகிறார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு விதி என் தூக்கத்தைக் கெடுத்தது. சுவரோரம் எந்த இடத்தில் நின்றாலும் ஆறடிக்குள் ஒரு பிளக் பாயின்ட் இருக்க வேண்டும். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வாடகை வீட்டின் ஹாலை அளந்தேன். இருந்தது ஒரே ஒரு பாயின்ட், அதிலும் டிவி. பதினெட்டு வருடமாக மின்சாரத்தில் பிழைப்பவன் சட்டவிரோதமான வீட்டில் குடியிருக்கிறேன். யாராவது சோதனைக்கு வந்தால்?

மறுநாள் காலை உளியும் சுத்தியலுமாகச் சுவரில் இறங்கினேன். இரண்டு பிளக் பெட்டி அளவுக்குப் பள்ளம் தோண்டியபோது மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா வந்தார். விதியைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். சுவரைப் பூசி முடித்துவிட்டு மேலே வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

எருமைக்கு எதற்கு பிளக் பாயின்ட்?

என் மனைவி ஜீனத், சேலையூரில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். சாயங்காலம் அவள் கேள்வி கேட்பாள், நான் பதில் சொல்வேன் என்று ஏற்பாடு. ஒருநாள் காய் நறுக்கியபடியே புரட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, படகு நிறுத்தற துறைக்கு எப்படி வயரிங் பண்ணணும்னு பக்கம் பக்கமா போட்டிருக்கு. நம்ம பக்கத்துல படகுத்துறை எங்க இருக்கு?"

சேலையூர் ஏரி இருக்கிறதே என்றேன்.

"அங்க எருமைதான் நிக்குது. எருமைக்கு எதுக்குங்க பிளக் பாயின்ட்?"

போன மழைக்கு முடிச்சூர் பக்கம் தெருவிலேயே படகு விட்டார்கள், அதை நினைத்து முன்யோசனையாக எழுதியிருப்பார்கள் என்று சமாளித்தேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. சக்கரம் வைத்த வீடுகளுக்கான விதிகளைப் பார்த்தாள். வெந்நீர்த் தொட்டிகளுக்கான விதிகளைப் பார்த்தாள். கடைசியில் என் பேனாத் திருத்தங்களைப் பார்த்தாள். வரிசையாக நாற்பது ஐம்பது பக்கம் தள்ளினாள்.

"இவ்ளோ இடத்துலயும் ஒரே மாதிரி தப்பு வந்தா அது தப்பு இல்லைங்க. அது வேற ஊரு."

நான் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். பின்பக்கங்களில் குழு உறுப்பினர்களின் பெயரும் ஊரும் இருந்தன. அத்தனையும் அமெரிக்க ஊர்கள். இரண்டு மாதம், இரண்டேகால் கிலோ, சுவரில் இரண்டு பள்ளம். நான் அமெரிக்காவில் வேலை பார்க்கத் தயாராகிவிட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்குத்தான் லாயக்கில்லை.

மறுநாள் ரயிலில் தேவாவிடம் சொன்னேன். அதிகம் சிரிக்காத மனுஷன், பெருங்களத்தூரில் ஆரம்பித்து கூடுவாஞ்சேரி வரை சிரித்தான்.

"பாய், அவன் வூட்ல வர்றதே பாதி கரன்ட்டு. நீ பேனாவாலயே இருநூத்தி முப்பது குடுத்துட்ட. அங்க எத்தனை மிக்ஸி வெந்துச்சோ."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தானும் இன்னும் ஒரு புத்தகமும் வாங்கவில்லை என்றான். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

வாதாடவா, வேலை பார்க்கவா?

எங்கள் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கொரு கிழமை விடுமுறை. எங்களுக்குப் புதன். அந்தப் புதன்கிழமை இருவரும் பீச் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், பாரிமுனையில் சட்டப் புத்தகக் கடைகள் இருக்கும் சந்துக்குள் நுழைந்தோம்.

மின்சார விதிகள் என்றதும் கடைக்காரர் மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார். முதலாவது தலையணை: ஒவ்வொரு விதிக்கும் கீழே யார் யார்மேல் வழக்குப் போட்டார், நீதிமன்றம் என்ன சொன்னது என்று நாலு பக்கம். இரண்டாவது கேள்வி-பதில் கைடு. அதைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவது, பச்சை அட்டை போட்ட ஒல்லிப் புத்தகம். வெறும் விதி, ஒரு படம்கூட இல்லை. திருத்தம் வந்த இடங்களில் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது.

என் கை தானாகத் தலையணைக்குப் போனது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வாதாடறதுக்கா, வேலை பாக்கறதுக்கா?"

வேலை பார்க்க என்று தேவா சொன்னான். அவர் தலையணையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பச்சை அட்டையைத் தள்ளினார்.

இன்றைக்கும் யாராவது எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால் எனக்கு அவருடைய கேள்விதான் வாயில் வருகிறது. அதோடு என் பங்குக்கு மூன்றைச் சேர்த்துச் சொல்வேன். எந்த நாட்டு விதி என்று பார். கடைசியாக வந்த திருத்தம் உள்ளே ஒட்டியிருக்கிறதா பார். கைடு வாங்கினால் கேள்வியை மட்டும் படி, பதிலை விதியில் போய்த் தேடு. நாலாவதாக, அட்டை இருக்கிறதா பார்.

பச்சை அட்டை ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

திரும்பி வரும் ரயிலில்தான் எனக்குக் கணக்கு உறைத்தது. போர்டில் ஏறப்போவது ஒரு பெயர், கையில் இருப்பது ஒரு புத்தகம். பூங்கா நிலையத்திலிருந்து அது தேவாவின் மடியில் இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாம்பலத்தில் கூட்டம் ஏறியதும் தேவா ஒயர் சீவும் கத்தியை எடுத்து, தையல் தெரியும் இடமாகப் பார்த்துப் புத்தகத்தை நடுவில் இரண்டாக வகுந்தான். எதிரில் இருந்த அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எது வேண்டும் என்று என்னையே எடுக்கச் சொன்னான். நான் இரண்டையும் இரண்டு கையில் வைத்து எடை பார்த்து, கனமாக இருந்த பின்பாதியை எடுத்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் மட்டும் ஐந்து கடை உண்டு. எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. தேர்வெல்லாம் முடிந்த பிறகு ஜீனத் கேட்டபோதுதான் தோன்றியது.

தாம்பரம் டு சிங்கப்பெருமாள் கோவில்

ஒப்பந்தம் இதுதான்: காலை ரயிலில் ஒருநாள் அவன் தன் பாதியை எனக்கு வாசிக்க வேண்டும், மறுநாள் நான் என் பாதியை அவனுக்கு.

தேவா ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன். விதியையும் அப்படித்தான் வாசித்தான், ஒரு சொல் விடாமல், கணீரென்று. வண்டலூர் வரும்போது அபாய அறிவிப்பு. ஊரப்பாக்கம் தாண்டினால் கையுறை. பொத்தேரியில் கல்லூரிக் கூட்டம் இறங்கும் சத்தத்திலும் எர்த் முனை. பூக்கூடையோடு வரும் ஒரு அக்கா, அப்படியானால் தங்கள் வீட்டு மெயின் பாக்ஸ் மேல் துணி காயப் போடலாமா என்று கேட்டார். கூடாது என்று தேவா விதி எண்ணோடு சொன்னான்.

என் நாள் வரும்போது கதை வேறு. எனக்கு முன்னால் ஒரு பெட்டி நிறைய ஆட்கள், கையில் ஒரு விதி. என்னால் சும்மா இருக்க முடியுமா?

தெருவின் குறுக்கே போகும் கம்பி எத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதை ஆரம்பித்ததும் எனக்கு என் சின்ன மாமாவின் கல்யாண ஊர்வலம் ஞாபகம் வந்துவிட்டது. மேற்குத் தாம்பரம், வாடகைக் குதிரை, மாமா தலைக்குமேல் ஜிகினாக் குடை. தெருவில் கம்பி தாழ்வாகத் தொங்கியது. காய்ந்த மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. நான் கம்பியைத் தூக்கினேன். ஊர்வலம் கம்பியை நெருங்கியது. குதிரை என்ன நினைத்ததோ, மாமா, குடை, மாலை எல்லாவற்றோடும் திரும்பி வந்த வழியே ஓடியது. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை தப்பித்துவிட்டதாகச் செய்தி போய்விட்டது.

பெட்டியே சிரித்தது. பூக்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவா உயரம் எத்தனை என்று கேட்டான். அதற்குள் சிங்கப்பெருமாள் கோவில் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கினேன். நாளைக்கு அவன் முறை.

என் நாட்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயின.

வெளியே உட்கார்ந்திருக்கும் முன்பாதி

எழுத்துத் தேர்வை இருவரும் ஒருவழியாகத் தாண்டிவிட்டோம்; அடுத்தது கிண்டியில் நேர்முகத் தேர்வு. நடைபாதை முழுக்க ஆட்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தலையணை. என் எண்ணுக்கு அடுத்தது தேவாவின் எண்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாதான் கேள்வி கேட்டார். சுருக்கமான குரல்.

"எந்த புக் படிச்சீங்க?"

பழைய கைடு, அமெரிக்கா, பாரிமுனை எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. பயத்தில் எனக்கு உண்மைதான் வரும்.

"பாதி புக் மேடம்."

"எந்தப் பாதி?"

"பின்பாதி."

"முன்பாதி எங்க?"

"வெளிய உக்காந்திருக்கு மேடம். தேவசகாயம்னு பேரு. எனக்கு அடுத்த நம்பர்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். ஒரு தேர்வுக் குழுவையே சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்து முடித்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"சரி, அப்ப முன்பாதியிலேயே கேக்கறேன்."

நாற்காலி கீழே போவது போலிருந்தது. அபாய அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டார். கண்ணை மூடினேன். வண்டலூர். தேவாவின் குரல் அப்படியே காதில் வந்தது. மண்டையோடும் எலும்பும், எந்தெந்த மொழியில் எழுத வேண்டும் என்பதும், ஒரு சொல் விடாமல் சொன்னேன். லைனில் கை வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்றார். ஊரப்பாக்கம். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்கி, எர்த் செய்து, கையுறை போட்டு என்று ரயில் ஓடியது.

மூன்றாவது, மின்சாரம் தாக்கியவருக்கு முதலுதவி சொல்லும் படம் உங்கள் கம்பெனியில் எங்கே இருக்கிறது, எந்த மொழியில் என்று கேட்டார். அந்தப் படத்தை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெயின் போர்டோடு சேர்த்து அதற்கும் சந்தனம் வைத்துவிடுவார்கள். விழுந்து கிடப்பவரின் முகத்திலிருந்து அதைத் துடைத்து எடுப்பது வருடாவருடம் என் வேலை. சொன்னேன். காய்ச்சி வடித்த தண்ணீர் வரவில்லை.

வெளியே வந்து தேவாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். உள்ளே ஜாலியான ஆட்கள், உன் பேரைக்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன், தைரியமாகப் போ என்றேன்.

பத்து நிமிடத்தில் வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"முன்பாதி நீங்கதானான்னு கேட்டாங்க. அப்போ பின்பாதியிலேர்ந்து சொல்லுங்கன்னாங்க. தெருவுக்குக் குறுக்க போற கம்பி எவ்ளோ உயரம்னு."

நான் பையிலிருந்த பின்பாதியை எடுத்து அந்த விதியைத் தேட ஆரம்பித்தேன்.

"குதிரைதான் பாய் ஞாபகத்துக்கு வந்துச்சு."

சில வாரங்களில் தபால் வந்தது. நான் தேறியிருந்தேன். தேவா தேறவில்லை. என் பெயர் எழுதிய போர்டை மெயின் போர்டுக்கு மேலே திருகு போட்டு மாட்டியவன் தேவா. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

ஜீனத் இரண்டு பாதிகளையும் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த தேர்வு வரை தினமும் தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை நான் வாசித்தேன், அவன் கேட்டான். ஒரு கதையும் சொல்லவில்லை. பூக்கார அக்கா இரண்டாவது வாரமே வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

அடுத்த தடவை தேவா தேறினான். கம்பியின் உயரத்தை அவனிடம் யாரும் கேட்கவில்லை.